வேலையும் உடம்பும்: பணியிட ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணியிடங்களுக்குப் போய் இரைச்சல் அளப்பது, கேள்வித்தாள் கொடுத்து வாங்குவது, முடிவுகளைக் கூட்டம் போட்டுச் சொல்வது, இதுதான் பல வருடங்களாக என் வேலை. கூட்டத்தில் கைதூக்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். நாற்காலிகளை அடுக்கி வைக்கும்போதுதான் ஒருவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துவார். இடம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி எழுதியவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

"பாதுகாப்புன்னா ஹெல்மெட், கையுறை, பூட்ஸ். இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?"

தலையில் ஏதாவது விழுந்தால் ஹெல்மெட் காப்பாற்றும். ஆனால் வேலையால் சாகிறவர்களில் பெரும்பாலோர் தலையில் அடிபட்டுச் சாவதில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுக்குச் சுமார் 29 லட்சத்து 30 ஆயிரம் பேர் வேலை தொடர்பான காரணங்களால் இறக்கிறார்கள். விபத்தில் போகிறவர்கள் அதில் ஏறத்தாழ 3 லட்சத்து 30 ஆயிரம் பேர்தான். மீதி 26 லட்சம் பேரும் நோயால் போகிறவர்கள். இதய நோய், பக்கவாதம், நுரையீரல் நோய், புற்றுநோய் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம்.

விபத்து நாலு பேர் பார்க்க நடக்கிறது. நோய் அப்படி வராது. இருபது முப்பது வருடம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுக் கட்டிலில் இருமலாக வரும். அதற்குள் அந்த இயந்திரத்தைக் கழற்றி விற்றிருப்பார்கள், மேற்பார்வையாளரும் மாறியிருப்பார். இருமலையும் இயந்திரத்தையும் மறுபடி ஒரே தாளில் கொண்டுவந்து வைக்க ஆராய்ச்சி இல்லாமல் முடியாது.

"இதெல்லாம் இப்போ வந்த ஃபேஷனா?"

300 வருடத்துக்கும் மேல் ஆகிறது. 1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர் நோய்களைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார். 1775-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரிதான் காரணம் என்று எழுதினார். சிறு பையன்களாக அந்தக் குழாய்களுக்குள் இறக்கப்பட்டவர்கள் அவர்கள்.

உங்களை ஒன்று கேட்கிறேன். கடைசியாக டாக்டரிடம் போனபோது அவர் உங்கள் வேலையைப் பற்றி விசாரித்தாரா? நான் விசாரித்தவர்களில் பெரும்பாலோர் இல்லை என்றுதான் சொன்னார்கள். அடுத்த முறை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்த வேலை, எத்தனை வருடம், என்ன தூசி, என்ன ரசாயனம்.

"வேலையாலதான் நோய் வந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? அவருக்கு எப்படியும் வந்திருக்கலாமே?"

ஒரு தனி ஆளை வைத்துப் பெரும்பாலும் சொல்ல முடியாது. ஒரு கூட்டத்தை வைத்துச் சொல்லலாம். ஒரே மாதிரி ஆட்கள் இரண்டு கூட்டம், வேலை மட்டும் வேறு, பல வருடம் பின்தொடர்கிறோம், எந்தப் பக்கம் நோய் கூடுகிறது? "ஒரே மாதிரி ஆட்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். மொத்தச் சிக்கலும் அந்த மூன்று சொற்களில்தான்.

1953-இல் ஜெர்ரி மோரிஸும் அவருடைய குழுவும் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சுமார் 31 ஆயிரம் பேரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு பிரபலமானது. மாடிப் பேருந்தில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கும் நடத்துநரைவிட, உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநருக்கு இதய நோய் அதிகம். உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்ற எண்ணத்துக்கு இது பெரிய பலம் சேர்த்தது. மோரிஸ் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சீருடைப் பதிவேடுகளை எடுத்தார்கள், கால்சட்டையின் இடுப்பளவைப் பார்த்தார்கள். எந்த வயதை எடுத்தாலும், இளைஞர்களிடம்கூட, ஓட்டுநரின் இடுப்பு நடத்துநருடையதைவிடப் பெரிது! அப்படியானால் இருக்கை மட்டும் காரணமில்லை. அந்த இருக்கைக்கு வந்து சேர்ந்த ஆட்களே கொஞ்சம் வேறு மாதிரி. 1956-இல் இதையும் அவர்களே அச்சிட்டார்கள்.

எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மரியாதை உண்டு. தன் முடிவை ஆட்டக்கூடிய சான்றைத் தானே தேடிப் போய் எடுத்து வைத்தவர்கள். உழைப்பு இதயத்துக்கு நல்லது என்பது பிற்கால ஆய்வுகளிலும் நிலைத்தது. ஆனால் "யார் அந்த வேலைக்கு வந்தார்கள்?" என்று முதலில் கேட்கும் பழக்கத்தை எனக்குத் தந்தது அந்தக் கால்சட்டைதான்.

"எங்க ஆட்கள் வெளியில இருக்கிறவங்களைவிட ஆரோக்கியமா இருக்காங்கன்னு நிர்வாகம் ஒரு அறிக்கை காட்டுச்சு. அப்போ வேலை நல்லதுதானே?"

மேலே சொன்ன கால்சட்டை விஷயம்தான் இங்கேயும். வேலையில் இருப்பவர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டால் அவர்கள் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். பொதுமக்களில் படுத்த படுக்கையாக இருப்பவரும் உண்டு. அவர் எப்படி வேலைக்கு வருவார்? நோயில்லாதவரைப் பார்த்து எடுக்கிறார்கள், நோய் வந்தவர் நின்றுவிடுகிறார், மிஞ்சியவர்களை எண்ணுகிறார்கள். ஆய்வாளர்கள் இதை ஆரோக்கியத் தொழிலாளி விளைவு என்பார்கள்.

அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: வேலையை விட்டுப் போனவர்கள் இந்தக் கணக்கில் இருக்கிறார்களா? இல்லையென்றால் அது ஆரோக்கியத்தைப் பற்றிய அறிக்கை இல்லை. தாக்குப்பிடித்தவர்களின் வருகைப் பதிவேடு.

"எங்க வாசல்ல 'இத்தனை நாள் விபத்தே இல்லை'ன்னு போர்டு வெச்சிருக்காங்க. அது நல்ல அறிகுறிதானே?"

இருக்கலாம். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வரும். ஒரு இடத்தில் விபத்தில்லாத நாட்களைக் கொண்டாடப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருவர் வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இடது கையால் பரிசு வாங்கினார். விழா முடிந்ததும் காட்டினார்: ஆள்காட்டி விரலில் தடிமனாகத் துணிக்கட்டு, நுனியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. "என்னால எல்லாருக்கும் பரிசு போயிடக் கூடாதுல்ல சார்" என்றார்.

பரிசை எண்ணிக்கையோடு கட்டினால் காயம் குறைவதற்கு முன்னால் சொல்வது குறைந்துவிடும். ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவு இதை இன்னொரு பக்கமிருந்து காட்டுகிறது. நன்றாக நடக்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவுகளில் அவைதான் அதிகமாக வந்தன. உள்ளே போய்ப் பார்த்ததில், அந்தக் குழுக்களில் தவறைச் சொன்னால் யாரும் கடித்துக் குதற மாட்டார்கள், அதனால் சொல்கிறார்கள் என்று புரிந்தது. ஆகவே ஒரு பணியிடத்தில் சிறு சம்பவப் புகார்கள் திடீரெனக் கூடினால் நான் பயப்பட மாட்டேன். சுத்தமாக நின்றுபோனால்தான் பயப்படுவேன்.

"ஒரு பெரிய விபத்துக்குப் பின்னாடி 29 சின்ன விபத்து, 300 தப்பிச்ச சம்பவம்னு முக்கோணம் போட்டுக் காட்டுறாங்களே, அது உண்மையா?"

அது 1931-இல் ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்ற காப்பீட்டு நிறுவன அதிகாரி சொன்னது. சின்ன சம்பவங்களைக் கவனியுங்கள் என்ற அளவில் நல்ல புத்திமதி. இயற்கை விதியாக எடுத்துக்கொண்டால் ஆபத்து. வழுக்கி விழுவதைக் குறைத்தால் வெடிவிபத்து தானாகக் குறையாது, ஏனென்றால் இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். அதே நாளில் மேலதிகாரிகள் அந்த மேடைக்கு வந்திருந்தார்கள். வேலைநாள் இழப்புக்குக் காரணமான விபத்து ஒன்றும் இல்லாமல் 7 வருடம் ஓட்டியதைப் பாராட்டுவதும் அந்த வருகையின் ஒரு நோக்கம். கீழே கிணற்றில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. காயம்பட்ட விரல்களை எண்ணும் பட்டியல் அதை எப்படிக் காட்டும்?

"பெரும்பாலான விபத்துக்குத் தொழிலாளியோட கவனக்குறைவுதான் காரணம்னு ஆராய்ச்சியே சொல்லுதே?"

அதுவும் அதே ஹைன்ரிச்தான். 88 சதவீத விபத்துக்கு ஆட்களின் பாதுகாப்பற்ற செயல் காரணம் என்றார். அவர் பார்த்தவற்றில் பெரும்பகுதி காப்பீட்டுக் கோப்புகளும் நிறுவனங்களின் பதிவேடுகளும். விபத்து அறிக்கையை வழக்கமாக யார் எழுதுகிறார்கள்? மேற்பார்வையாளர். "இயந்திரத்துக்கு மூடி இல்லை" என்று எழுதினால் அவர் தலைக்கு வரும். "கவனிக்காமல் கை வைத்தார்" என்று எழுதினால் கோப்பு மூடிவிடும்.

மனிதன் தவறு செய்வான். களைப்பில் செய்வான், அவசரத்தில் செய்வான், வீட்டுக் கவலையில் செய்வான். 1990-களில் ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் இதை ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டித் துண்டுகளாகப் படம் போட்டு விளக்கினார். ஒவ்வொரு தடுப்பிலும் ஓட்டை உண்டு, எல்லா ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் வரும்போது விபத்து. கடைசித் துண்டில் நின்றவர் தொழிலாளி. விசாரணை பெரும்பாலும் அவரிடமே தொடங்கி அவரிடமே முடிகிறது. விசாரணைக் குழுவில் உட்கார நேர்ந்தால் "ஏன் கை வைத்தார்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "கை வைத்தால் வெட்டும் நிலையில் ஏன் இருந்தது?" என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

"காதுக்கு அடைப்பான் கொடுத்துட்டாங்க. இனிமே இரைச்சல் பிரச்சினை முடிஞ்சுதா?"

ஆபத்தைக் குறைக்க ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே நீக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வேறொன்றால் மாற்ற வேண்டும். பிறகு இயந்திரத்தை மூடுவது, தடுப்பு வைப்பது. அதற்கும் பிறகு வேலை முறையையும் நேரத்தையும் மாற்றுவது. உடம்பில் மாட்டும் கவசம் எல்லாவற்றுக்கும் கடைசி. பல இடங்களில் கடைசியிலிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள், அதுதான் விலை குறைவு.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு மற்றும் ஆரோக்கிய நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். இப்போது 30 டெசிபல் குறைக்கும் அடைப்பான் ஒன்றை 8 மணி நேரமும் போட வேண்டிய ஒருவர், வியர்வைக்கும் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கும் மொத்தமாக 48 நிமிடம் கழற்றினார் என்று வையுங்கள். நேரத்தில் பத்தில் ஒன்றுதான். ஆனால் கிடைக்கும் காப்பு 30-லிருந்து சுமார் 10 டெசிபலாகச் சுருங்கிவிடும். டெசிபல் மடக்கைக் கணக்கு, அதாவது 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும், அதனால்தான் இப்படி. அடைப்பானைப் போடாதீர்கள் என்று சொல்லவில்லை, கட்டாயம் போடுங்கள். போட்டுக்கொண்டே இயந்திரத்துக்கு மூடி கேளுங்கள்.

"எடை தூக்கப் பயிற்சி கொடுத்தாங்க, இடுப்புக்கு பெல்ட்டும் கொடுத்தாங்க. முதுகுவலி குறையுமா?"

எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. "முழங்காலை மடக்கித் தூக்கு" என்ற பயிற்சி மட்டும் தனியாக முதுகுவலியைத் தடுக்கிறது என்பதற்கு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகும் நல்ல சான்று கிடைக்கவில்லை. இடுப்பு பெல்ட்டைப் பற்றி, மேலே சொன்ன அதே அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான கடை ஊழியர்களைப் பின்தொடர்ந்து 2000-இல் வெளியிட்டார்கள்: பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகுக் காயத்தில் வித்தியாசமில்லை. சுமையைச் சிறிதாக்குவது, தரையில் இருப்பதை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவருவது, தள்ளுவண்டி கொடுப்பது, இவைதான் சுமையை உண்மையில் முதுகிலிருந்து இறக்குகின்றன.

"மன அழுத்தம் ஆளைப் பொறுத்ததுதானே? ஒருத்தர் தாங்குவார், ஒருத்தர் தாங்க மாட்டார்."

ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே பிரிவில் ஐந்தாவது ஆளும் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் ஆளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். 1979-இல் ராபர்ட் கராசெக் சொன்ன கருத்து இன்றும் பயன்படுகிறது: வேலைப்பளு மட்டும் ஆளை உடைப்பதில்லை, பளு அதிகமாகவும் அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் உடைகிறது. 1996-இல் ஜோகன்னஸ் சீக்ரிஸ்ட் இன்னொன்றைச் சேர்த்தார்: கொட்டிய உழைப்புக்கு ஈடாகச் சம்பளமோ மரியாதையோ வேலை உறுதியோ வராதபோது உடம்பு கெடுகிறது.

இதை உடம்பில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைச் சேர்த்து, சுமார் 1 லட்சத்து 97 ஆயிரம் பேரின் தரவை 2012-இல் பார்த்தபோது, பளு அதிகம் உரிமை குறைவு என்ற நிலையில் இருந்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து 23 சதவீதம் கூடுதலாக இருந்தது. புகைபிடிப்பதன் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். அதையும் சேர்த்துச் சொல்லாமல் 23 என்ற எண்ணை மட்டும் நீட்டுவது நியாயமில்லை.

"ஆனா டென்ஷன் அதிகம் பெரிய அதிகாரிகளுக்குத்தானே? முடிவெடுக்கிறது அவங்கதானே?"

முடிவெடுப்பவர்கள் என்பதுதான் அவர்களுக்குக் காப்பு. 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு பிரிட்டன் அரசு ஊழியர்களான சுமார் 18 ஆயிரம் ஆண்களைப் பின்தொடர்ந்தது. கடைநிலைப் பணியாளர்களின் இதய நோய் மரண விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு. அதிகாரி, அவருக்குக் கீழே, அதற்கும் கீழே என்று படிப்படியாக ஏறுகிறது. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் இடைவெளியில் பெரும்பகுதி மிஞ்சியது. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு பெண்களையும் சேர்த்து 10,308 பேரைப் பார்த்தது. தன் வேலையில் தனக்கு எவ்வளவு பேச்சுரிமை இருக்கிறது என்பது அந்த இடைவெளியை ஓரளவு விளக்கியது.

"பர்ன்அவுட்னா நோயா? மெடிக்கல் லீவு கிடைக்குமா?"

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, 2019-இல் ஏற்கப்பட்டது, இதை நோய் என்று சொல்லாமல் தொழில் சார்ந்த நிலை என்கிறது. சமாளிக்கப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது. சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செய்வதில் பலனில்லை என்ற உணர்வு, இவை மூன்றும் அதன் அடையாளங்கள். விடுப்பு கிடைக்குமா என்பது உங்கள் இடத்துச் சட்டத்தையும் டாக்டரையும் பொறுத்தது. மூன்றாவது வாரமும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.

"எங்க ஆபீஸ்ல தியான வகுப்பு, நடைப் போட்டி, மனநல ஆப் எல்லாம் இருக்கு. கலந்துக்கிட்டவங்க நல்லா இருக்காங்கன்னு புள்ளிவிவரமும் காட்டுறாங்க. பயன் இருக்கா?"

கலந்துகொண்டவர்கள் யார்? மறுபடியும் கால்சட்டைதான். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதை அழகாகச் சோதித்தார்கள். ஏறத்தாழ 5 ஆயிரம் ஊழியர்களில் யாருக்கு நலத்திட்டம், யாருக்கு இல்லை என்று குலுக்கிப் போட்டார்கள். குலுக்கலில் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டால் மருத்துவச் செலவிலும் விடுப்பிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. அதே தரவில், திட்டம் கிடைத்தவர்களுக்குள்ளேயே கலந்துகொண்டவர்களையும் கொள்ளாதவர்களையும் ஒப்பிட்டால் பிரமாதமான பலன் தெரிந்தது. ஏற்கெனவே ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்கள்தான் விரும்பிச் சேர்ந்தார்கள், விஷயம் அவ்வளவுதான். உங்களுக்குக் காட்டிய புள்ளிவிவரம் அநேகமாக இந்த இரண்டாவது வகை.

2019-இல் வெளிவந்த இன்னொரு குலுக்கல் ஆய்வு, ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில் சுமார் 33 ஆயிரம் ஊழியர்களைப் பார்த்தது. 18 மாதத்தில் உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் கூடினார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, செலவு, விடுப்பு எதுவும் குறிப்பிடும்படி மாறவில்லை. 2024-இல் வில்லியம் ஃபிளெமிங் பிரிட்டனில் 46,336 ஊழியர்களின் தரவை ஆராய்ந்தார். மனப்பயிற்சி, ஆப், தளர்வு வகுப்பு ஆகியவற்றில் கலந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நலமாக இல்லை. தொண்டுப் பணி மட்டும் விதிவிலக்கு. அது குலுக்கல் ஆய்வில்லை, அதனால் கொஞ்சம் பதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தியானம் பிடித்திருந்தால் செய்யுங்கள், தனி மனிதருக்கு அது ஆறுதல் தரலாம். ஆனால் ஆள் பற்றாக்குறையில் இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்யும் இடத்தில், மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொல்வது எனக்குக் கோபத்தையே தருகிறது. காது அடைப்பானுக்குச் சொன்ன அதே வரிசை மனதுக்கும் பொருந்தும். பளுவைக் குறைத்துவிட்டு அதன் பிறகு வகுப்பு நடத்தட்டும்.

"நீண்ட நேர வேலையும் இரவு ஷிஃப்டும் உண்மையிலேயே ஆளைக் கொல்லுமா?"

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். 2016-இல் மட்டும் இதனால் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டார்கள்.

இரவு ஷிஃப்டை, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-இலும் மறுபடி 2019-இலும் "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு வலுவானது என்பதைக் குறிக்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் குறிப்பதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பயந்துபோய் வந்தவர்கள் நிறைய. இரவு வேலை தவிர்க்க முடியாதவர்கள் ஷிஃப்ட் வரிசையைப் பற்றிப் பேரம் பேசலாம்: தொடர்ச்சியான இரவுகளைக் குறைப்பது, இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் குறைந்தது 11 மணி நேர இடைவெளி விடுவது.

"சர்வேல பேர் வேண்டாம்னு சொல்றாங்க. நம்பி உண்மையை எழுதலாமா?"

பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடலாம். ஒருமுறை நான் தயாரித்த கேள்வித்தாளிலேயே பிரிவு, ஷிஃப்ட், பாலினம், பணி வருடம் எல்லாம் கேட்டிருந்தேன். கொடுப்பதற்கு முதல் நாள் இரவு சரிபார்க்கும்போதுதான் உறைத்தது: இரவுப் பராமரிப்புப் பிரிவில் இருப்பதே ஒரு பெண்தான். அவர் எதை எழுதினாலும் அவர் எழுதியது என்று தெரிந்துவிடும். அச்சடித்த அத்தனை தாளையும் ஒதுக்கிவிட்டு, பாலினம் பற்றிய கேள்வியை எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தேன். தாள் போனதில் வருத்தமில்லை, முதலிலேயே யோசிக்காததுதான் வருத்தம்.

ஆகவே எழுதும் முன் கேளுங்கள். பதில்களை யார் திறந்து பார்ப்பார்? பத்துப் பேருக்குக் குறைவான பிரிவுகளைத் தனியாக அறிக்கையில் காட்டுவார்களா? முடிவு எங்களுக்கும் வருமா? நேரான பதில் இல்லையென்றால், உங்களைக் காட்டிக்கொடுக்கும் கேள்விகளைக் காலியாக விட உங்களுக்கு உரிமை உண்டு.

"பாதுகாப்புக்குச் செலவு பண்ணச் சொன்னா கம்பெனியை மூடிடுவாங்க, வேலை போயிடும்னு பயமா இருக்கு."

பயம் நியாயமானது. அதை நேரடியாகச் சோதித்த ஆய்வும் இருக்கிறது. கலிபோர்னியாவில் பாதுகாப்பு அதிகாரிகள் சில நிறுவனங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து சோதனைக்குப் போனார்கள். அப்படிப் போன இடங்களையும், அதே மாதிரி இருந்தும் குலுக்கலில் வராத இடங்களையும் ஒப்பிட்டு 2012-இல் முடிவு வெளியானது. சோதனை நடந்த இடங்களில் காயங்கள் 9.4 சதவீதமும் காயச் செலவு 26 சதவீதமும் குறைந்தன. வேலைவாய்ப்பிலோ விற்பனையிலோ நிறுவனம் நிலைப்பதிலோ பாதிப்பு தெரியவில்லை.

"இந்தப் பொருளால ஆபத்துன்னு இன்னும் நிரூபிக்கலைன்னு சொல்றாங்க. அப்போ காத்திருக்கலாமா?"

1898-இல் பிரிட்டனின் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்களில் ஒருவரான லூசி டீன், ஆஸ்பெஸ்டாஸ் தூசியின் கேடு பற்றித் தன் ஆண்டறிக்கையில் எழுதினார். அந்தத் தூசியை உருப்பெருக்கியில் பார்த்தபோது கண்ணாடிச் சில்லு போலக் கூர்மையாக இருந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. அதே நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது 1999-இல். நடுவில் 101 வருடம். "நிரூபிக்கவில்லை" என்றால் "தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை" என்றும் அர்த்தம் இருக்கலாம், "யாரும் தேடவே இல்லை" என்றும் இருக்கலாம். எது என்று கேட்டு வாங்குங்கள். பதில் வரும்வரை தூசியைக் குறைக்க எந்த ஆய்வும் தேவையில்லை.

"நான் படிச்ச ஆராய்ச்சியாளர் இல்லை. எங்க இடத்துல நாங்களே ஏதாவது பார்க்க முடியுமா?"

முடியும். ஒரு பெரிய தாளில் மனித உடம்பின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வரையுங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் எங்கே வலிக்கிறதோ அங்கே ஒவ்வொருவரும் ஒரு பொட்டு வைக்கட்டும். பெயர் வேண்டாம். ஒரு பிரிவுக்கு ஒரு நிறம் போதும், ஆனால் நாலைந்து பேர் மட்டும் இருக்கும் பிரிவுக்குத் தனி நிறம் வேண்டாம். காரணத்தை முந்தைய கேள்வியொன்றில் சொல்லிவிட்டேன். முடிந்தால் வேலையை விட்டுப் போன இரண்டு மூன்று பேரையும் தேடிப் பிடித்துப் பொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு பொட்டலமிடும் கூடத்தில் இதைச் செய்தோம். நீல நிறப் பொட்டுகள் அத்தனையும் வலது தோள்பட்டையில் குவிந்து, தாளில் அந்த இடமே தெரியாமல் போனது. அதுவரை ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் வலி, வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒரு அம்மா இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய்க் கையை உயர்த்திக் காட்டினார்: தலைக்கு மேல் ஒரு இழுப்புக் கைப்பிடி, ஷிஃப்ட் முழுக்க அதை இழுக்க வேண்டும். அடுத்த வாரம் பராமரிப்பு ஆட்கள் அதை மார்பு உயரத்துக்கு இறக்கி வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு தாள் ஒட்டினோம். தோள்பட்டையில் நாலு நீலப் பொட்டுகள் இருந்தன.